தளிர் யாருக்காக?

ஒரு நூல் திரைப்படமாகும்போது நூலாசிரியர் மனம் நோவதும், தம் கதை சிதைக்கப்பட்டதென்று முறையிடுவதும் நாம் பலகாலும் கேட்டுப் பழகிய செய்திகளே. ஆனால், நூலை எழுதியவரும் படத்தை இயக்கியவரும் ஒருவரேயாக இருந்து, அப்படியிருந்தும் படம் ஒரு முடிவையும் நூல் அதற்கு நேர்மாறான முடிவையும் கொண்டிருந்தால் யார்மீது குறை காண்பது? எதனை ஆசிரியரின் உள்ளக்கிடக்கை என்று கொள்வது? இவ்வினாவை எழுப்பும் படைப்பொன்று ஜப்பானில் உண்டு. ஹயாவோ மியாசாக்கி என்னும் கலைஞர் ஆக்கிய 'காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிக்கா' என்பதே அது.

ஜப்பானியர் தம் படக்கதைகளை 'மங்கா' என்றும், ஓவியங்களை அசையச் செய்து எடுக்கும் படங்களை 'அனிமே' என்றும் அழைப்பர். நம் இல்லங்களில் பிள்ளைகள் இவற்றில் மூழ்கியிருப்பதைக் காணும் பெற்றோர், இவை சிறுவர்க்கான பொழுதுபோக்கு என்றெண்ணிக் கடந்துபோகின்றனர். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். இளைஞர் ஒருவர் வற்புறுத்தியதால் முதலில் படத்தைப் பார்த்தேன். பின்னர் ஏழு தொகுதிகளையும் படித்தேன். படம் என்னைக் கண்கலங்க வைத்தது. நூலோ என்னை உறங்கவிடவில்லை. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கதை, இரு பயணங்கள்

மங்காவிலிருந்து அனிமே பிறப்பதே ஜப்பானில் வழக்கம். மியாசாக்கி தோக்குமா ஷோத்தென் பதிப்பகத்தாரிடம் தம் திரைப்படக் கருத்துகளை முன்வைத்தபோது, அடிப்படையாக ஒரு மங்கா இல்லாத படத்தை எடுக்க இயலாதென்று அவர்கள் மறுத்துவிட்டனர். அப்படியாயின் மங்காவையே முதலில் வரையலாமே என்று, அப்பதிப்பகத்தின் 'அனிமேஜ்' இதழைச் சேர்ந்த தொஷியோ சுசுகி முதலானோர் வழிசெய்தனர். 1982 பிப்ரவரி இதழில் கதை தொடங்கியது. வாசகரின் வரவேற்பைக் கண்டு படம் எடுக்கவும் முடிவாயிற்று. இசாவோ தக்காஹாட்டா தயாரிப்பாளராக, ஜோ ஹிசைஷி இசையமைக்க, 1984 மார்ச் 11 அன்று அது திரைக்கு வந்தது.

அப்போது மங்காவில் ஏறத்தாழ இரண்டு தொகுதிகளுக்கான கதையே எழுதப்பட்டிருந்தது. எஞ்சிய ஐந்து தொகுதிகள் ஆசிரியரின் உள்ளத்திலும் முழுமையாக உருப்பெற்றிருக்கவில்லை. ஆகவே, முடியாத கதைக்கு ஒரு முடிவைத் தேட வேண்டிய கட்டாயம் படத்துக்கு நேர்ந்தது. மங்காவோ பிற படங்களுக்காக இடையிடையே நின்றும் மீண்டும் தொடர்ந்தும் 1994 மார்ச் இதழில்தான் நிறைவெய்தியது. படத்துக்குப் பின் பத்தாண்டுகள்! அப்பத்தாண்டுகளில் பனிப்போர் முடிந்தது. யூகோஸ்லாவியா உடைந்து அண்டை வீட்டார் ஒருவரையொருவர் கொன்றனர். அப்போர் மியாசாக்கியைப் பெரிதும் உலுக்கியது. நாற்பத்திரண்டாம் அகவையில் ஓராண்டுக்குள் அவசரமாகத் தேடிய விடையும், ஐம்பதைக் கடந்தபின் வந்தடைந்த விடையும் ஒன்றாக இருக்க இயலாதன்றோ?

இது நௌசிக்காவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கத்சுஹிரோ ஓத்தோமோவின் 'அக்கிரா' படமாக வந்தது 1988இல். அவர் வரைந்த மங்கா முடிந்தது 1990இல். ஹிரோமு அராக்காவாவின் 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' தொடருக்கும் இந்நிலை ஏற்பட்டது. 2003இல் தொடங்கிய 51 பகுதிகள் கொண்ட அனிமே, முடியாதிருந்த மங்காவை முந்திச்சென்று தனக்கென ஒரு முடிவைப் படைத்துக்கொண்டது. 2009இல் மீண்டும் ஓர் அனிமே தொடங்கி, 64 பகுதிகளில் மங்காவின் பாதையிலேயே சென்று, 2010இல் மங்கா நிறைவுற்ற வேளையிலேயே தானும் நிறைவுற்றது. படம் நூலினின்று வேறுபடுவதற்குத் திறமைக்குறைவையும் வணிக நோக்கையும் மட்டும் காரணம் காட்டுவோர், காலம் என்னும் இம்மூன்றாவது காரணத்தைக் கருதவேண்டும்.

சுருங்கிய உலகம்

கதைக்களம் இதுதான். மனிதன் தன் அறிவாற்றலின் உச்சியில் 'தெய்வப் பெருவீரர்' என்னும் அழிவுக்கருவிகளை ஆக்கி, 'தீயின் ஏழு நாள்கள்' என்னும் பெரும்போரில் உலகை எரித்துவிட்டான். ஆயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன. நச்சுக்காற்றை உமிழும் 'அழுகற் கடல்' என்னும் பூஞ்சைக்காடு நிலத்தை விழுங்கிவருகிறது. அதனை 'ஓமு' என்னும் மலைபோன்ற பூச்சிகள் காக்கின்றன. கடற்காற்றால் நச்சு அண்டாத சிறு பள்ளத்தாக்கொன்றின் இளவரசி நௌசிக்கா. பூச்சிகளை வெறுக்காத பெண் அவள். அவளுடைய பெயர் ஓமரின் காப்பியத்திலிருந்து வந்தது. அவளுடைய இயல்போ, பூச்சிகளை நேசித்த உயர்குடிப் பெண்ணைப் பற்றிய பழைய ஜப்பானியக் கதையொன்றிலிருந்து வந்தது.

படத்தில் மூன்றே மக்களினங்கள் உள்ளன: பள்ளத்தாக்கினர், பெஜித்தே நகரத்தார், தொருமேக்கியப் பேரரசினர். தொருமேக்கியப் படை பள்ளத்தாக்கில் இறங்குகிறது, நோயுற்றுக் கிடக்கும் மன்னரைக் கொல்கிறது, மகள் வெகுண்டெழுகிறாள். பகைவன் யார், பாதிக்கப்பட்டவர் யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

மங்காவில் பள்ளத்தாக்கு தொருமேக்கியாவுக்குக் கட்டுப்பட்ட சிற்றரசு. மன்னர் நோயால் மடிகிறார்; எவரும் அவரைக் கொல்வதில்லை. நோயுற்ற தந்தைக்குப் பதிலாக, பழைய உடன்படிக்கையின்படி, படையெடுத்துச் செல்வோருடன் நௌசிக்காவும் போருக்குப் போகிறாள். அவர்கள் படையெடுப்பது தொரோக் என்னும் நாட்டின்மீது. அந்நாடு படத்தில் இல்லவே இல்லை. மங்காவில் அதற்கெனச் சமயமும் குருக்களும் பல குலங்களும் அகதிகளும் உண்டு. ஆக, படத்தின் நௌசிக்கா தாக்கப்பட்டவரின் பக்கம் நிற்கிறாள். நூலின் நௌசிக்கா தாக்குவோரின் அணியில் நின்றுகொண்டு தாக்கப்படுவோரைக் காண்கிறாள். இம்மாற்றம் கதையின் அறநிலையையே மாற்றிவிடுகிறது.

ஒரு நிகழ்ச்சி போதும். முற்றுகையிடப்பட்ட நகரொன்றில் தொரோக் நாட்டுப் பெண்களும் பிள்ளைகளும் சிறைப்பட்டுக் கிடக்கின்றனர். அவர்களை விடுவித்தால் தாக்குதலில் உடன்வருவதாக நௌசிக்கா தொருமேக்கிய இளவரசி குஷானாவிடம் கூறுகிறாள். அவ்வாறே செல்கிறாள். அத்தாக்குதலில் அவளைத் தம் உடல்களால் மறைத்து வீரர்கள் சாகின்றனர். அவள் ஊர்ந்துசென்ற பறவையும் சாகிறது. சிலரை மீட்பதற்காகச் சென்றவளுக்காகச் சிலர் மடிகின்றனர். அவள் மீட்டது எத்தனை, இழந்தது எத்தனை என்று கணக்கிடப் புகுந்தால் விடை கிட்டாது. படத்தில் இத்தகைய கணக்குக்கே இடமில்லை.

குஷானாவும் அவ்வாறே. படத்தில் அவள் பூச்சிகளிடம் கையை இழந்து அழிவாயுதத்தை நாடும் படைத்தலைவி. மங்காவில் அவளுக்கு நேர்ந்த ஊனம் உடலில் இல்லை, குடும்பத்தில் இருக்கிறது. தன் பங்குக்கு வந்த நஞ்சைத் தாய் பருகி மதியிழந்தாள்; தந்தையும் உடன்பிறந்தாருமே அவளை ஒழிக்கச் சூழ்ச்சி செய்கின்றனர். அவள் மெல்ல மெல்லப் பழியுணர்வைக் கைவிடுகிறாள். தொரோக் மக்களின் வாள்கள் அவள்மீது பாயும்போது, நௌசிக்காவின் ஆசானாகிய முதியவர் யூப்பா தம் உடலால் தடுத்து உயிர்விடுகிறார். பகைச்சங்கிலி அவ்விடத்தில் அறுபடுகிறது. இறுதியில் அவள் முடிசூடாமலேயே நாட்டை ஆள்கிறாள். படத்தில் யூப்பா சாவதுமில்லை. குஷானா மனம் மாறுவதைக் காண நமக்கு நேரமுமில்லை. அவள் படையுடன் திரும்பிச் செல்கிறாள், அவ்வளவே.

நீலமும் பொன்னும்

இனி, கதையின் நடுநாயகமான காட்சிக்கு வருவோம். நீல உடை அணிந்த ஒருவர் பொன்வயலில் இறங்கி, மனிதர்க்கும் நிலத்துக்கும் அறுந்த உறவை மீண்டும் பிணைப்பார் என்பது அவ்வுலகில் வழங்கும் பழைய முன்னறிவிப்பு. படத்தில் பெஜித்தே நகரத்தார், தொருமேக்கியரைப் பழிவாங்க, ஓமுக் குட்டியொன்றைக் காயப்படுத்தித் தொங்கவிட்டு, ஓமுப் பெருங்கூட்டத்தைப் பள்ளத்தாக்கை நோக்கி ஈர்க்கின்றனர். நௌசிக்கா அக்குட்டியை மீட்கிறாள். அதன் நீலக் குருதி அவளுடைய உடையை நனைக்கிறது. வெறிகொண்டு வரும் கூட்டத்தின் முன் குட்டியுடன் நிற்கிறாள், மோதுண்டு சாகிறாள். ஓமுக்கள் அடங்குகின்றன. தம் பொன்னிற உணர்கொடிகளால் அவளை உயர்த்துகின்றன. அவள் உயிர்பெற்று எழுகிறாள். கீழே கண்பார்வையற்ற மூதாட்டி, தன் கண்களாக இருந்து கண்டதைச் சொல்லுமாறு சிறுவர்களை வேண்டுகிறாள். நீல உடையையும் பொன்வயலையும் அவர்கள் விவரிக்க, அவள் முன்னறிவிப்பு நிறைவேறியதை உணர்ந்து அழுகிறாள்.

இக்காட்சியின் ஆற்றலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அசைவும் நிறமும் இசையும் ஒருங்கே கூடித் தரும் பேறு இது. மங்கா கறுப்பு-வெள்ளைக் கலை. அதில் நீலத்தை நாம் காண்பதில்லை. நீலம் என்று சொல்லப்படுகிறது, நாம் நம்புகிறோம். படத்திலோ நீலத்தையும் பொன்னையும் நம் கண்களே காண்கின்றன. படம் பார்ப்பவர் அந்தச் சிறுவர்களைப் போன்றவர். நூலைப் படிப்பவர் அந்தக் கண்ணற்ற மூதாட்டியைப் போன்றவர். இவ்விரு கலைகளுக்குமுள்ள அடிப்படை வேற்றுமை இவ்வொரு காட்சியிலேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. படம் நம்மை நிற்க விடுவதில்லை. 117 நிமிடங்கள், அது விரும்பும் வேகத்தில் நம்மை அழைத்துச் செல்கிறது. நௌசிக்கா காற்றில் மிதக்கும்போது நம் நெஞ்சும் மிதக்கிறது. அதனை எந்த நூலும் தர இயலாது. மங்காவின் கட்டங்களோ நெருங்கியவை. ஒவ்வொன்றிலும் கண் தங்கித் தேடவேண்டியிருக்கிறது. முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். நூலை மூடிவைத்துச் சிந்திக்கலாம். வியப்பைத் தருவதற்குப் படமும், ஐயத்தைத் தாங்குவதற்கு நூலும் ஏற்ற கருவிகள்.

மங்காவிலும் குட்டியை மீட்கும் நிகழ்ச்சி வருகிறது. ஆனால் அங்கு இச்செயலைச் செய்வோர் தொரோக் படையினர். நடக்கும் இடம் பள்ளத்தாக்கு அன்று, போர்க்களம். அவள் சாவதுமில்லை, உயிர்த்தெழுவதுமில்லை. ஓமுக்கள் அவளுடைய புண்ணை ஆற்றுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இது நடப்பது இரண்டாம் தொகுதியில். இதற்குப் பின் ஐந்து தொகுதிகள் எஞ்சியிருக்கின்றன! போர் நிற்கவில்லை. மனிதர் திருந்தவில்லை. வியத்தகு செயலுக்கு மறுநாள் காலையிலும் கதிரவன் எழுகிறான். பிணங்கள் அடக்கம் செய்யப்படக் காத்திருக்கின்றன.

படத்தில் அவள் உயிர்பெற்றெழுவதாக அமைத்தது மியாசாக்கியின் முதல் எண்ணம் அன்று. ஓமுக்களின் முன் அவள் இறங்கி நிற்பதோடு கதையை முடிக்கவே அவர் எண்ணியிருந்தார் என்றும், அது போதாதென்று தக்காஹாட்டாவும் தாமும் கலந்துபேசி, அவள் இறந்து எழுவதைப் பரிந்துரைத்ததாகவும் சுசுகி பின்னாளில் கூறியிருக்கிறார். தம் படம் சமயச் சித்திரம் போல் முடிந்துவிட்டதென்ற மனக்குறை மியாசாக்கிக்கு நெடுநாள் இருந்தது.

பலிபீடத்தில் நின்று உயிர்ப்பை அறிவிக்கும் எனக்கு இம்மனக்குறை முதலில் வியப்பளித்தது. ஆழ்ந்து எண்ணியபோது அவர்பக்கம் நியாயம் இருப்பதை உணர்ந்தேன். நற்செய்தியின் உயிர்ப்பு கதையை முடித்துவைப்பதில்லை, தொடங்கிவைக்கிறது. உயிர்த்த ஆண்டவரின் கைகளில் காயங்கள் இருந்தன. சீடர்கள் கதவுகளை அடைத்துக்கொண்டு அஞ்சிக் கிடந்தனர். அவர்கள் போகவேண்டிய தொலைவு இன்னும் இருந்தது. படத்தின் உயிர்ப்போ எல்லாக் கணக்கையும் ஒரு நொடியில் தீர்த்துவைக்கிறது. எவரும் மனம் திரும்பத் தேவையின்றியே சண்டை ஓய்கிறது. உயிர்ப்பின் வடிவம் அங்கே இருக்கிறது; அதன் சுமை இல்லை. சமயச் சாயல் மிகுந்த முடிவே சமய உள்ளடக்கம் குறைந்த முடிவாகவும் அமைந்ததென்பது விந்தையே.

தளிரின் கதை

படத்தின் இறுதிப் படிமம் ஒரு பசுந்தளிர். அழுகற் கடலின் அடியில், தூய மணலில், நௌசிக்கா விட்டுச்சென்ற தொப்பியின் அருகே ஒரு சிறு செடி முளைத்திருக்கிறது. நஞ்சு உமிழும் அக்காடு உண்மையில் நிலத்தின் நஞ்சை உறிஞ்சித் தூய்மைப்படுத்துகிறது என்பதைப் படத்தின் நடுவிலேயே அறிகிறோம். எனவே அத்தளிரின் பொருள் தெளிவு: பொறுத்திருங்கள், உலகம் மீண்டும் தூய்மையாகும்.

மங்காவின் பிற்பகுதி முழுவதும் இத்தளிர்மீது எழுப்பப்பட்ட ஒரு வினா என்பேன்: உலகம் தூய்மையாகும் என்பது உண்மைதான், ஆனால் யாருக்காக? அழுகற் கடல் இயற்கையாகத் தோன்றியதன்று; பண்டைய அறிவியலாளர் திட்டமிட்டு ஆக்கியது. இன்றைய மனிதரும் நஞ்சைத் தாங்குமாறு அவர்களால் மாற்றியமைக்கப்பட்டவர்களே. காற்று முற்றிலும் தூய்மையாகும் நாளில் இவர்களுடைய நுரையீரல்கள் குருதி கக்கும், இவர்கள் மடிவர். ஷுவா என்னும் நகரின் கல்லறையில், போர்க்குணம் நீக்கப்பட்ட புதிய மனிதரின் முட்டைகள் காத்திருக்கின்றன. தூய உலகம் அவர்களுக்கு உரியது. இன்று வாழ்வோர் துப்புரவுப் பணி முடியும்வரை வேண்டப்படுவோர், முடிந்தபின் வேண்டப்படாதோர்.

இவ்விடத்தில் மினமாட்டா விரிகுடா நினைவுக்கு வரும். ஆலைக்கழிவின் பாதரசத்தால் அங்கு மக்கள் நோயுற்று மடிந்ததும், அந்நோய் 1956இல் அதிகாரமுறையில் கண்டறியப்பட்டதும் உலகறிந்தவை. மீன்பிடிப்பு நின்றுபோன அந்நஞ்சுக்கடலில் மீன்கள் பெருகிவந்தன என்ற செய்தி தமக்குத் தூண்டுதலாயிற்று என்று மியாசாக்கி கூறியிருக்கிறார். இச்செய்தியை இருவகையாகப் படிக்கலாம். கடல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்கிறது என்பது ஒன்று. நஞ்சை உடலில் சுமந்துகொண்டே உயிர்கள் வாழத் துணிகின்றன என்பது மற்றொன்று. படம் முதற்பொருளைக் கொண்டது. மங்கா இரண்டாம் பொருளில் போய் நின்றது.

கல்லறை நௌசிக்காவிடம் வாதிடுகிறது. தானே இருளில் எஞ்சிய ஒளி என்கிறது. அவள் மறுக்கிறாள். துன்பமும் மாசும் கலந்ததே உயிர் என்றும், திட்டமிட்டு வடித்தெடுத்த தூய்மை உயிராகாது என்றும் உணர்ந்து, கல்லறையை அழிக்கச் செய்கிறாள். அழிப்பதற்கு அவள் பயன்படுத்துவது யாரை? ஒரு தெய்வப் பெருவீரனை! படத்தில் அவன் அரைகுறையாகப் பிறந்து உருகிவிழும் கருவி. ஹிதேயாக்கி அன்னோ வரைந்த அக்காட்சி அனிமே வரலாற்றில் புகழ்பெற்றது. மங்காவில் அவன் அவளைத் தாயென்று அழைக்கும் குழந்தை. அவள் அவனுக்குப் பெயரிடுகிறாள்; பெயர் பெற்றவுடன் அவனுக்கு அறிவு மலர்கிறது. அந்த அன்பையே ஆயுதமாக்கிக் கல்லறையைத் தகர்க்கிறாள். அவனும் மடிகிறான். கல்லறையிலிருந்து பெருகும் குருதி நீலம். ஓமுவின் குருதியும் நீலமே. அக்குருதியால் அவளுடைய உடை மேலும் நீலமாகிறது. படத்தில் அவள் காத்த குழந்தையின் குருதி அவளுக்கு நீல உடையாயிற்று. நூலின் முடிவில் அவள் அழித்ததன் குருதியும் அவ்வுடையில் சேர்ந்துகொள்கிறது. முன்னறிவிப்பு நிறைவேறுகிறது. ஆனால் எவ்வளவு வேறான முறையில்!

உடன்பாடும் மறுப்பும்

கல்லறையின் திட்டத்தை அவள் புறக்கணித்ததில் எனக்கு முழு உடன்பாடு. தகுதியற்றோரை நீக்கிவிட்டுத் தூயோரை மட்டும் கொண்ட உலகை அமைப்போம் என்ற குரல் வரலாற்றில் பலமுறை ஒலித்திருக்கிறது; ஒலித்தபோதெல்லாம் குருதி சிந்தியிருக்கிறது. களைகளைப் பறிக்க விரைந்த பணியாளரை, கோதுமையும் சேர்ந்து பிடுங்கப்படும் என்று தலைவர் தடுத்த உவமையை நாம் அறிவோம். அழுக்குள்ள மனிதரிடமும் வாழும் உரிமையைக் கண்ட நௌசிக்காவின் பார்வை அவ்வுவமைக்கு அணுக்கமானது. தன்னை வதைத்த தொரோக் ஆட்சியாளன் மிராலுப்பாவின் சிதைந்த ஆவியையும் அவள் வெறுக்காமல், அழுகற் கடலுக்கு அப்பாலுள்ள பசும்புலத்துக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறாளே, அப்பகுதியைப் படித்தபோது நான் நூலை மூடிவிட்டுச் சற்றுநேரம் அமைதியாயிருந்தேன்.

ஆயினும் முட்டைகளுக்குள் இருந்தோர் செய்த குற்றம் என்ன? பிறவாத அவர்கள் எத்திட்டத்தையும் தீட்டியவர் அல்லர். கல்லறை இன்றைய மனிதரைக் களையாகக் கருதியது; நௌசிக்கா நாளைய மனிதரைக் களையாகக் கருதினாள். பறிக்கும் கை மாறிற்றேயன்றிப் பறித்தல் நிற்கவில்லை. மேலும், தான் கண்ட உண்மையை மக்களிடமிருந்து அவள் மறைத்துவிடுகிறாள். எல்லாருடைய வருங்காலத்தையும் ஒருத்தியே முடிவுசெய்கிறாள். முடிவுசெய்யப்பட்டதையும் அவர்கள் அறியார். மக்களின் நன்மை கருதி உண்மையை மறைப்பது கல்லறையின் வழியல்லவா? இவ்விடத்தில் என்னால் அவளோடு நடக்க இயலவில்லை. ஆசிரியரும் அவளை முற்றிலும் குற்றமற்றவளாகக் காட்ட முயன்றார் என்று நான் கருதவில்லை. அந்த நீலக் கறையைக் கழுவாமல் அவள் உடையில் விட்டுவைத்தாரே, அதுவே சான்று.

படத்தோடு நான் மாறுபட வழியில்லை. அது என்னை உயர்த்திச் சென்று, பொன்வயலில் நிறுத்தி, விளக்கை அணைத்துவிடுகிறது. நூல் என்னை மாறுபடச் செய்கிறது. மாறுபடும் உரிமையையும் தருகிறது. மீட்பரைக் கண்டு மகிழ்வதோடு படம் முடிகிறது. மீட்கப்பட்டவர்கள் அடுத்தநாள் என்ன உண்பர், யாருக்கு அருகில் குடியிருப்பர், கொன்றவனும் கொல்லப்பட்டவனின் பிள்ளையும் ஒரே கிணற்றில் எவ்வாறு நீர் எடுப்பர் என்ற கவலைகளில் நூல் இறங்குகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் இரண்டாவது கவலையே அன்றாடக் கவலை என்பதை நாம் அறிவோம்.

எனினும், நூல் உயர்ந்தது, படம் தாழ்ந்தது என்று தீர்ப்பெழுதிவிட எனக்கு மனமில்லை. பொன்வயலைக் கண்ணால் கண்டிராதவன், அதற்குப் பின்வரும் ஐந்து தொகுதிகளின் இருளைத் தாங்கிக்கொள்வது கடினம். படம் தந்த அந்த ஒரு காட்சியை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் நான் நூலின் போர்க்களங்களைக் கடந்தேன். மியாசாக்கிக்கும் அவ்வாறே இருந்திருக்கக்கூடும். அவசரத்தில் கண்டடைந்த விடையில் நிறைவு கொள்ளாததாலன்றோ அவர் பத்தாண்டுகள் மேலும் எழுதினார்!

ஆகவே, உங்கள் இல்லத்து இளையோர் இப்படத்தைப் பார்ப்பதைக் கண்டால் தடுக்காதீர்கள். கூடுமானால் அருகில் அமர்ந்து பாருங்கள். முடிந்தபின் அவர்களிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அத்தளிர் யாருக்காக முளைத்தது? அவர்கள் விடைசொல்லத் தயங்கினால், ஏழு தொகுதிகள் காத்திருக்கின்றன. அவற்றைப் படித்து முடித்தபின் இருவரும் மீண்டும் பேசுங்கள். நான் ஏற்காத முடிவை அவர்கள் ஏற்கலாம். நீங்கள் மூன்றாவதொன்றைக் காணலாம். நச்சுக்காற்றைச் சுவாசித்துக்கொண்டே தளிருக்கு நீரூற்ற அழைக்கப்பட்டவர்கள் நாம் என்பதில் மட்டும் நமக்குள் மாறுபாடு இராது என்று நம்புகிறேன்.